எட்டுப் பல் சான்றிதழ்

எல்லாம் ஒரு கனடாக்காரரால் வந்த வினை.

போன அக்டோபரில் அவர் எங்கள் கிரோபினோவோவுக்கு வந்தார், நான்கு நாள் தங்கினார், போனார். வந்ததும் யாருக்கும் தெரியாது, போனதும் யாருக்கும் தெரியாது. ஊருக்குப் போய் இணையத்தில் எழுதினார். தேவாலயம் அழகு என்றார். உருளைக்கிழங்கு அடை பிரமாதம் என்றார். அத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை. "இந்த ஊரில் பதினொரு பேரைப் பார்த்துச் சிரித்தேன். ஒருவர் தனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார். ஒருவர் தன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஒரு பெண்மணி வேகமாகத் தேவாலயத்துக்குள் போய்விட்டார். மற்ற எட்டுப் பேரின் முகத்தில் எந்த மாறுதலும் இல்லை. போலந்துக்காரர்கள் நட்பில்லாதவர்கள் என்று நான் சொல்லவில்லை. நட்பாக இருக்கிறார்கள் என்றால் அந்தச் செய்தியை இன்னும் முகத்துக்குத் தெரிவிக்கவில்லை" என்று எழுதி, ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் போட்டார்.

பக்கத்து வீட்டுக்காரன் எங்களைப் பற்றி என்ன சொன்னாலும் எங்களுக்குக் கவலையில்லை. அவன் யோக்கியதை எங்களுக்குத் தெரியும். ஆனால் வெளிநாட்டுக்காரன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் சாப்பாடு இறங்காது. நகரமன்றம் அவசரமாகக் கூடியது. மேயர் எழுந்து நின்று, "விருந்தோம்பல்ல நம்மள மிஞ்ச உலகத்துல ஆள் கிடையாது. இது நிரூபிக்கப்பட்ட உண்மை. இதை ஒத்துக்காதவங்க யாராவது இருந்தா, போறப்ப பேரையும் விலாசத்தையும் வாசல்ல எழுதிக் குடுத்துட்டுப் போங்க" என்றார். யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

இப்படித்தான் நகராட்சி இன்முகத் துறை பிறந்தது. நூலகத்தின் குழந்தைகள் பிரிவைக் காலி செய்து அதற்கு ஒன்பது அறை ஒதுக்கினார்கள். இயக்குநராக ரெமிகியுஷ் வொன்சிக் நியமிக்கப்பட்டார். அதுவரை அவர் கல்லறைத் தோட்ட நிர்வாகத்தில் இருந்தவர். பதினைந்து வருஷத்தில் அங்கே ஒருவர்கூட அவர்மேல் புகார் கொடுத்ததில்லை என்பது அவருடைய தகுதியாகக் குறிப்பிடப்பட்டது.

சலோமேயா டூடெக்குக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இருந்திருக்கக் கூடாது. அவள் நகர மருத்துவமனையின் கோட்டு அறையில் வேலை பார்த்தாள். குளிர்காலத்தில் கோட்டைக் கழற்றிக் கொடுக்காமல் இங்கே எவரும் டாக்டர் முகத்தில் விழிக்க முடியாது. இருபத்தாறு வருஷமாக ஒரு மேசைக்குப் பின்னால் நின்று, கோட்டை வாங்கி, கொக்கியில் மாட்டி, நம்பர் போட்ட பித்தளை வில்லையைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஓய்வு பெற இன்னும் பதினொரு மாதம். அந்தப் பதினொரு மாதத்தையும் அதே மேசைக்குப் பின்னால் கழித்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும் என்பதைத் தவிர, அவளுக்கு இந்த உலகத்திடம் வேறு கோரிக்கை கிடையாது.

சிரிப்பாளா என்றால், சிரிக்க மாட்டாள். கோட்டை வாங்கியதும் கழுத்துப்பட்டைக்குள் பார்ப்பாள். மாட்டுகிற வளையம் அறுந்திருந்தால் ஆரம்பித்துவிடுவாள்.

"இது கோட்டா, சாக்கா? வளையம் இல்லாம எதுல மாட்டறது, என் மூக்குலயா? வீட்ல ஊசி நூல் கிடையாதா? வயசு என்ன ஆகுது உங்களுக்கு?"

எதிரே நிற்பவர் தலைமையாசிரியராக இருந்தாலும் சரி, பாதிரியாராக இருந்தாலும் சரி, தலையைக் குனிந்துகொள்வார். டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பி வரும்போது வளையம் தைத்திருக்கும். கறுப்புக் கோட்டுக்குக் கறுப்பு நூல், சாம்பல் கோட்டுக்குச் சாம்பல் நூல். அதைப் பற்றி அவளும் பேச மாட்டாள், அவரும் பேச மாட்டார். தப்பித் தவறி நன்றி சொல்லிவிட்டால், "போங்க, போங்க, கதவைச் சாத்திட்டுப் போங்க, குளிர் வருது" என்பாள்.

ஜனவரி முதல் வாரத்தில் அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. பொதுமக்களோடு முகத்துக்கு முகம் பழகும் ஊழியர்கள் அனைவரும் பிப்ரவரி முடிவதற்குள் இன்முகச் சான்றிதழ் பெற வேண்டும். பெறாதவர்கள் பணியில் நீடிக்க முடியாது என்று அதில் இருந்தது. சலோமேயா இரண்டு தடவை படித்தாள். பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மூன்றாவது தடவை படித்தாள். அதற்குள் கடிதம் மாறிவிடவில்லை.

இன்முகத் துறை செவ்வாயும் வியாழனும் பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை திறந்திருக்கும். கதவில் ஒரு அறிவிப்பு: "தட்டாதீர்கள். தேவைப்பட்டால் நாங்களே கூப்பிடுவோம்." பக்கத்தில் ஒரு சின்ன ஜன்னல். சலோமேயா போனபோது தாழ்வாரத்தில் முப்பது பேர் நின்றிருந்தார்கள்.

"யாரு கடைசி?" என்று கேட்டாள்.

சிவந்த கன்னமும் அகன்ற தோளுமாக இருந்த ஒரு பெண் திரும்பினாள். ரொட்டிக் கடை தெக்லா. "நான்தான் கடைசி. எனக்கு முன்னாடி ஒரு அம்மா, கால் வலின்னு உக்காரப் போயிருக்காங்க. அவங்களுக்கு முன்னாடி இந்த பஸ்காரரு. நீங்க எனக்குப் பின்னாடி. இல்லன்னு எவனாவது சொன்னா என்கிட்ட அனுப்புங்க."

"நாலாம் நம்பர் பஸ்" என்றார் பஸ்காரர், தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் விதமாக. அவர் பெயர் லுடோமிர். பெண்ணென்றால் பானி, ஆணென்றால் பான் என்று மரியாதை சேர்க்காமல் யாரையும் கூப்பிட மாட்டார். "இருபது வருஷமா ஓட்டறேன். பஸ்ஸுக்கு இன்முகம் வேணுமாம். பிரேக் வேணும்னு ஆறு தடவை எழுதிப் போட்டேன், அதுக்குப் பதில் இல்ல."

"பிரேக் இருந்தும் என்ன பண்ண?" என்றாள் தெக்லா. "நிறுத்தத்துல நிக்கவா போறீங்க? என் முட்டியைப் பாருங்க, உங்க பஸ்ஸுக்குப் பின்னாடி ஓடியே தேஞ்சு போச்சு."

"முட்டியா? பானி தெக்லா, என் முதுகைப் பத்தி நான் சொன்னேன்னா உங்க முட்டியை மறந்து எனக்காக அழுவீங்க."

"முதுகு, முட்டியெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும்" என்றாள் சலோமேயா. "என் சமையலறைக் குழாய் மூணு மாசமா ஒழுகுது. பிளம்பர் வந்தான். குழாயைப் பார்த்துட்டு, 'இதை யாரு இப்படிப் பண்ணினது'ன்னு கேட்டான். 'நீங்கதான்'னேன். போயிட்டான்."

தாழ்வாரம் முழுக்கத் தலையாட்டியது. அதற்குப் பிறகு யாரையும் நிறுத்த முடியவில்லை. பித்தப்பை, மருமகன், மாடி வீட்டுக்காரியின் நாய் என்று ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. பதினொன்றரைக்குத் தெக்லா முட்டை வைத்த ரொட்டியை எடுத்து இரண்டாகப் பிய்த்து, பாதியைக் கேட்காமலே சலோமேயாவின் கையில் வைத்தாள். கால் வலி அம்மாவுக்கு யாரோ நாற்காலி கொண்டுவந்தார்கள். சனிக்கிழமை வந்து குழாயைப் பார்ப்பதாக லுடோமிர் சொல்லி, விலாசத்தை உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். மூன்று மணி நேரத்துக்கு முன்னால் ஒருவரையொருவர் அறியாத முப்பது பேர், ஒரு பல்கூட வெளியே தெரியாமல், ஒரு குடும்பமாகிப் போனார்கள்.

ஜன்னல் படாரென்று திறந்தது. "சத்தம் போடாதீங்க! உள்ள நட்பைப் பத்திக் கூட்டம் நடக்குது!" என்று ஒரு முகம் கத்தியது. ஜன்னல் படாரென்று மூடியது.

அன்றைக்குப் படிவம் மட்டும்தான் கிடைத்தது. சிரிப்பு விண்ணப்பம், மூன்று பிரதி, இரண்டு புகைப்படத்துடன். சலோமேயா சிரமப்பட்டுக் கொஞ்சம் வாயை விரித்துப் படம் எடுத்துக்கொண்டு போனாள். ஜன்னலில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அரசாங்கப் படிவத்தில் ஒட்டும் புகைப்படத்தில் சிரிக்கக் கூடாது, அது விதி என்றார்கள்.

மறு வியாழக்கிழமை தேர்வு. நீள மேசைக்குப் பின்னால் நடுவில் வொன்சிக். அவருக்கு இடப்புறம் பல் மருத்துவமனையிலிருந்து கடனாக வந்த ஒரு பெண், கையில் சின்ன எஃகு அளவுகோலோடு. வலப்புறம் செவெரின் என்ற இளநிலை எழுத்தர், ஒல்லியான ஆள், கையில் நிறுத்துக் கடிகாரம்.

"சிரிங்க" என்றார் வொன்சிக்.

"எதைப் பார்த்து?"

"எதையும் பார்த்து இல்ல, சும்மா."

"சும்மா சிரிச்சா பைத்தியம்னு சொல்ல மாட்டாங்களா, பான் டைரக்டர்?"

"சொல்றவங்க மேல தனி நடவடிக்கை இருக்கு. நீங்க சிரிங்க. மேல் வரிசையில எட்டுப் பல், பத்து நொடி."

சலோமேயா கன்னத்தை இழுத்துப் பிடித்தாள். பல்காரப் பெண் கிட்டே வந்து அளந்து, "அஞ்சரை" என்றாள். செவெரின் "நாலு நொடி" என்றான். அவன் குரலில் கொஞ்சம் வருத்தம் இருந்தது. அவன் அம்மாவின் கோட்டுக்கு அவள் இரண்டு முறை வளையம் தைத்திருந்தாள்.

"பரவாயில்ல, அடுத்தது" என்றார் வொன்சிக். அவளை நேராகப் பார்த்துக் கேட்டார்: "எப்படி இருக்கீங்க?"

சலோமேயாவுக்கு அப்பாடா என்றிருந்தது. இது தெரிந்த கேள்வி. "எப்படி இருக்கும்? பழைய கஷ்டம் பழையபடி இருக்கு, புதுசா ரெண்டு சேர்ந்திருக்கு. கீழ்முதுகு விடிகாலையில பிடிச்சுக்குது. ஜன்னல்ல காத்து வருது. நீங்க எப்படி இருக்கீங்க? முகம் வெளிறிப் போயிருக்கே, ஈரல் ஏதாவது தொந்தரவா?"

வொன்சிக் தாளில் குறுக்குக் கோடு போட்டார். "சரியான விடை 'அருமை'."

"ஆனா அருமையா இல்லையே?"

"அருமையா இருக்கச் சொல்லி நாங்க கேக்கலயே. சொல்லத்தான் கேக்கறோம்."

சலோமேயாவுக்கு விளங்கவில்லை. எங்கள் ஊரில் ஒருவர் அருமையாக இருக்கிறேன் என்று சொன்னால், ஒன்று குடித்திருக்கிறார், இல்லை எதையோ மறைக்கிறார். தவிர, எதிரே நிற்பவருக்கு என்ன வலியோ, என்ன துக்கமோ. அவரிடம் போய் நான் அமோகமாக இருக்கிறேன் என்பது, பசித்தவன் முன்னால் உட்கார்ந்து சாப்பிடுகிற மாதிரி. அப்படி யாரும் அவளை வளர்க்கவில்லை.

வொன்சிக் கையைக் கோத்துக்கொண்டார். "பானி சலோமேயா, உங்க மனசுல அன்பு இருக்குன்னு ஊருக்கே தெரியும். என் மனைவி கோட்டுக்கே நீங்க வளையம் வெச்சுக் குடுத்திருக்கீங்க. அதை நான் மறுக்கல. ஆனா மனசு எங்க அதிகார எல்லைக்குள்ள வரல. எங்களுக்கு உதட்டுலேர்ந்து காது வரைக்கும்தான் அனுமதி. அதுக்குள்ள என்ன தெரியுதோ அதுக்குத்தான் மதிப்பெண். நான் பதினஞ்சு வருஷம் கல்லறைத் தோட்டத்துல இருந்தவன். உள்ள யாரு இருக்காங்கன்னு பார்த்ததே இல்ல, மேல கல் நேரா இருக்கான்னுதான் பார்த்தேன். நிர்வாகம்னா அதுதான்."

தோல்வி. முப்பது மணி நேரப் பயிற்சி, பிறகு மறுதேர்வு. அதிலும் தேறாவிட்டால் கோட்டு அறைச் சாவியை ஒப்படைத்துவிட வேண்டும்.

பயிற்சியில் கண்ணாடி பார்த்துச் சிரித்தார்கள். பிறகு துணிக்கடைப் பொம்மையைப் பார்த்துச் சிரித்தார்கள். தெக்லா தன் பல் வரிசையால் முதல் வாரமே தேறிவிட்டாள். லுடோமிர் பஸ் கண்ணாடியில் பழகிப் பழகி ஒருநாள் விளக்குக் கம்பத்தில் மோதினார். மோதும்போதும் சிரித்துக்கொண்டிருந்ததால் அவருக்கும் சான்றிதழ் கிடைத்தது. பிப்ரவரியில் ஊர் முழுக்கச் சிரித்தது. சவப்பெட்டிக் கடைக்காரர் சிரித்தபடி அளவு கேட்டார். டாக்டர் சிரித்துக்கொண்டே ரத்தப் பரிசோதனை முடிவை நீட்ட, சாதாரணச் சளிக்கு வந்த மனிதர், "மறைக்காம சொல்லுங்க டாக்டர், இன்னும் எத்தனை நாள் இருக்கு?" என்று கேட்டு அழுதார். சிரித்த முகத்தைக் கண்டாலே ஜனங்கள் எதிர்ப்பக்கம் போய் நடந்தார்கள். சலோமேயாவின் பல் மட்டும் ஆறைத் தாண்டவில்லை. தினமும் வேலை முடிந்து தாடை வலியோடு வீட்டுக்குப் போனாள். பதினொரு மாதம் பத்து மாதமாகியிருந்தது.

பிப்ரவரி இருபதாம் தேதி நட்பு தினம். கருத்தை மாற்றிக்கொள்ளட்டும் என்று கனடாக்காரரை நகராட்சியே வரவழைத்தது. குளிர் மைனஸ் பதினொன்று. ரயில் நிலையத்தில் சான்றிதழ் பெற்ற இருநூறு பேர் வரிசையாக நின்று எட்டெட்டுப் பல்லைக் காட்டினார்கள். குளிரில் பல் கூசிக் கண்ணில் தண்ணீர் வந்தது. கனடாக்காரர் ரயிலிலிருந்து ஒரு காலை வெளியே வைத்தார், இந்தக் காட்சியைப் பார்த்தார், காலை உள்ளே எடுத்துக்கொண்டார். பிறகு வேறு வழியில்லாமல் இறங்கினார்.

"எங்கள் ஊரில் இனிமேல் எந்தச் சிரிப்பும் தற்செயலானது அல்ல" என்று வொன்சிக் வரவேற்புரையில் உறுதி கொடுத்தார்.

உரை இரண்டாவது மணி நேரத்தைத் தொட்டபோது கனடாக்காரர் நைசாக நழுவி, தேவாலயத்தைப் படம் எடுக்கப் போனார். சதுக்கத்தில் பனிக்கட்டியில் வழுக்கி வலது கையின் மேல் விழுந்தார்.

வேறு எந்த நாளாக இருந்தாலும் நான்கு பேர் ஓடிவந்து தூக்கியிருப்பார்கள், இரண்டு பேர் திட்டியிருப்பார்கள், ஒருவர் முனிசிபாலிட்டியைச் சபித்துக்கொண்டே, இன்னொருவர் வழுக்காமலிருக்கச் சாம்பலைக் கொண்டுவந்து தூவியிருப்பார். ஆனால் அன்று மூலைக்கு மூலை துறை ஆட்கள் குறிப்பேட்டோடு நின்றார்கள். சான்றிதழ் பெற்ற பதினொரு பேர் விழுந்தவரைச் சுற்றி நின்றார்கள். பத்து நொடி சிரித்தார்கள். பயிற்சியில் கற்ற ஆங்கிலத்தில், எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். கனடாக்காரர் உடைந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, அவருக்கு வேறு பதில் தெரியாது பாவம், "நன்றாக இருக்கிறேன், நன்றி" என்றார். நன்றாக இருக்கிறேன் என்று பதில் வந்தால் விடைபெறலாம் என்பது ஏழாவது விதி. எல்லோரும் விடைபெற்றார்கள்.

அவரே விசாரித்து விசாரித்து மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார். கோட்டு அறை மேசைக்குப் பக்கத்தில் அந்த வாரம் முழுக்க செவெரின் உட்கார்ந்து சலோமேயாவின் முகத்தைக் கவனித்து எழுதிக்கொண்டிருந்தான். மறுதேர்வுக்கு அதுவும் சேரும்.

கதவு திறந்தது. நீலம் பாய்ந்த காதுகளோடு நெடுநெடுவென்று ஒரு மனிதர் நின்றார்.

"தொப்பி எங்க?" என்றாள் சலோமேயா.

"பானி சலோமேயா, சிரிங்க" என்று செவெரின் கிசுகிசுத்தான். "முதல்ல சிரிங்க, நான் எழுதிக்கிட்டிருக்கேன்."

"மைனஸ் பதினொண்ணுல தொப்பி இல்லாம! காது உதிர்ந்து கீழ விழுந்தா பெருக்கறது யாரு, நானா? இத்தனை உசரம் வளர்ந்து என்ன பிரயோஜனம்? காலைல சாப்பிட்டீங்களா? மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது, இல்ல. உங்க வீட்ல கேக்கறதுக்கு ஆளே கிடையாதா?" அவள் கோட்டைக் கழற்றப் போனாள், அவர் முனகினார். அவள் கையைப் பார்த்தாள். "அடப் பாவி மனுஷா. இந்தக் கையோட நடந்தா வந்தீங்க?"

"சிரிங்க..." என்றான் செவெரின் கெஞ்சலாக.

"நீ எழுது தம்பி. அதுக்கு முன்னாடி அந்தக் கத்தரியை எடு."

கோட்டுக் கையைத் தையலோடு பிரித்தாள். ஈரமான காலணியைக் கழற்றி, தான் போட்டிருந்த கம்பளிச் செருப்பை மாட்டிவிட்டாள். தன் மத்தியானச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த பார்லி சூப்பை ஜாடியிலிருந்து கரண்டியால் அவர் வாயில் ஊட்டினாள். பிறகு எலும்பு டாக்டரின் கதவுக்கு முன்னால் இருந்த வரிசையைப் பார்த்து, "இந்தாளுக்குக் கை முறிஞ்சிருக்கு. யாருக்காவது ஆட்சேபம் இருக்கா?" என்றாள்.

எல்லோருக்கும் ஆட்சேபம் இருந்தது. காலை ஏழு மணிக்கு வந்ததாக ஒருவர் சொன்னார், ஆறே முக்காலுக்கு வந்ததாக இன்னொருவர் சொன்னார், நாடு உருப்படாது என்று எல்லோரும் சொன்னார்கள். சொல்லிக்கொண்டே அவரைத் தூக்கி உள்ளே தள்ளினார்கள்.

ஒரு வாரம் கழித்து, மறுதேர்வுக்கு முந்தின நாள், கனடாக்காரர் இடது கையால் எழுதியது வெளிவந்தது. "ஊர் முழுக்க என்னைப் பார்த்துச் சிரித்தது. அவ்வளவு தனியாக நான் எங்கும் உணர்ந்ததில்லை. மருத்துவமனையில் ஒரு பெண்மணி என்னைத் திட்டினார். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. என் அம்மா போன பிறகு யாரும் என்னை அப்படித் திட்டியதில்லை." ஐந்துக்கு ஐந்து.

தெக்லா கசகசா வைத்த கேக்கைத் தூக்கிக்கொண்டு கோட்டு அறைக்கு ஓடிவந்தாள். "இனிமே உங்களை எவன் தொட முடியும்? சாவியாவது, பூட்டாவது! பான் லுடோமிர் பஸ்ஸையே நிறுத்திட்டு அழுதாரு தெரியுமா, நிறுத்தமே இல்லாத இடத்துல!"

சலோமேயா கேக்கை நறுக்கினாள். அன்றைக்கு முதல் தடவையாக அவளுக்கும் நம்பிக்கை வந்தது.

துறை மறுதேர்வைத் தள்ளிவைத்துவிட்டு இரண்டு நாள் கூடி விவாதித்தது. மூன்றாம் நாள் பெயர்ப்பலகை மாறியிருந்தது: நகராட்சி உளமார்ந்த கண்டிப்புத் துறை. எட்டுப் பல் சான்றிதழ்கள் ரத்து. பொதுமக்களோடு பழகும் ஊழியர்கள் அனைவரும் மார்ச் முடிவதற்குள் திட்டுச் சான்றிதழ் பெற வேண்டும். இதற்கு மறுதேர்வு கிடையாது.

சதுக்கத்தில் வொன்சிக் பேசினார். "சிரிப்பு ஒரு அந்நிய இறக்குமதி. நம்ம பாரம்பரியம் திட்டுதான். நான் ஆரம்பத்துலேர்ந்தே சிரிப்பை எதிர்த்தவன். அந்த எதிர்ப்பை யாருக்கும் தெரியாம, எந்தக் கோப்புலயும் பதிவாகாம, கடைசி வரைக்கும் காப்பாத்திக்கிட்டு வந்தேன். இன்னைக்கு அந்தத் துணிச்சல் ஜெயிச்சிருக்கு." பலத்த கைதட்டல்.

சலோமேயா ஜன்னலுக்குப் போனாள். பெயர் மாறியிருந்ததே தவிர ஜன்னல் அதேதான். வொன்சிக்கைப் பார்க்க ஒரு மணி நேரம் காத்திருந்தாள்.

"பான் டைரக்டர், அந்தக் கனடாக்காரரு எழுதினது என்னைப் பத்தித்தானே? எனக்குமா தேர்வு?"

"உங்களைப் பத்தித்தான். துறையே உங்களுக்குக் கடமைப்பட்டிருக்கு. ஆனா நீங்க திட்டின தேதியில உங்ககிட்ட உரிமம் இல்ல. அதனால அதை எடுத்துக்க முடியாது. சரியாச் சொன்னா அது விதிமீறல். நல்ல பேர் வந்ததால பெரிசுபண்ணாம விட்டிருக்கோம்."

தேர்வு நாளில் அதே மேசை. பல்காரப் பெண்ணின் இடத்தில் ஒலி அளக்கும் கருவி இருந்தது. எழுபத்தைந்து டெசிபலுக்குக் குறையக் கூடாது. மூன்று தலைப்பு: தொப்பி, சாப்பாடு, கல்யாணம். நடுவில் ஒரு நாற்காலியில் திட்டு வாங்குபவராக செவெரின் உட்கார்ந்திருந்தான். தெக்லா எழுதி மனப்பாடம் செய்து வந்து ஒப்பித்துத் தேறினாள். லுடோமிர் தொண்ணூற்று நான்கு டெசிபல் போனார். பிரேக்குக்கு எழுதிய ஆறு கடிதத்தையும் நினைத்துக்கொண்டதாகப் பிறகு சொன்னார்.

"ஆரம்பிங்க" என்றார் வொன்சிக். அன்று முழுக்க மாதிரித் திட்டுத் திட்டிக் காட்டி அவர் தொண்டை கட்டியிருந்தது.

சலோமேயா செவெரினைப் பார்த்தாள். தலையில் கம்பளித் தொப்பி. கழுத்தில் சால்வை. கோட்டின் கழுத்துப்பட்டையைத் திருப்பிப் பார்த்தாள், வளையம் கெட்டியாக இருந்தது.

"சாப்பிட்டியா?"

"ரெண்டு ரொட்டி, பன்றிக் கறி, முள்ளங்கி" என்றான் செவெரின்.

"கல்யாணம்?"

"ஜூன்ல வெச்சிருக்கு, பானி சலோமேயா. பொண்ணு செவிலியர்."

சலோமேயா வொன்சிக் பக்கம் திரும்பினாள். "இவனை எதுக்குத் திட்டறது?"

"சும்மா திட்டுங்க. ஏதாவது இருக்கற மாதிரி நெனைச்சுக்கிட்டு."

சலோமேயா நினைத்துப் பார்த்தாள். மிச்சமிருந்த ஒன்பது மாதத்தை நினைத்தாள். மேசையை நினைத்தாள். கோபத்தைத் திரட்டி வாயைத் திறந்தாள். "உன்னை..." என்று ஆரம்பித்தாள். கருவியின் முள் எழுந்தது. செவெரின் பயந்த கண்ணோடு, எப்படியாவது திட்டிவிடுங்கள் என்பது போல அவளையே பார்த்தான். "உன்னை நல்லாத்தான் வளர்த்திருக்காங்க" என்று முடித்தாள். முள் கீழே விழுந்தது.

செவெரின் தாளில் சைபர் எழுதினான். எழுதும்போது மூக்கை உறிஞ்சினான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பணிநீக்க உத்தரவை நேரில் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். தபால்காரம்மாவும் தேர்வில் தோற்றுவிட்டதால் ஊரில் தபால் நின்றுபோயிருந்தது. அதனால் வொன்சிக்கே நடந்து வந்தார். வெளியே பனியும் மழையும் கலந்து கொட்டியது. அவர் உள்ளே வந்தபோது கோட்டுப் பொத்தான் போடாமல் இருந்தது, சால்வை பையிலிருந்து தொங்கியது, கண்கள் சிவந்திருந்தன.

"பானி சலோமேயா" என்றார். குரல் கரகரத்தது. உறையை மேசைமேல் வைத்தார். "இது உங்களுக்கு."

சலோமேயா பிரித்துப் படித்தாள். இன்றோடு பணி முடிகிறது; சாவியை இதைக் கொண்டுவருபவரிடம் ஒப்படைக்கவும் என்றிருந்தது. அவள் கண்ணாடியைக் கழற்றினாள். வொன்சிக் இருமினார். நெஞ்சின் அடியிலிருந்து வந்த இருமல்.

"இது என்ன?" என்றாள்.

"பணிநீக்க உத்தரவு."

"அதைக் கேக்கல. இந்த இருமல் என்ன? எத்தனை நாளா?" மேசைக்கு மேலாகக் கையை நீட்டி அவர் நெற்றியைத் தொட்டாள். "அடுப்பு மாதிரி கொதிக்குது! இந்த உடம்பை வெச்சுக்கிட்டு இந்த மழையில, நெஞ்சைத் திறந்து போட்டுக்கிட்டு, ஒரு காகிதத்தைத் தூக்கிட்டு வந்தீங்களா? நாளைக்கு வந்தா காகிதம் அழுகிப் போயிடுமா? சால்வை கழுத்துக்கா, பைக்கா? உங்க வீட்டுக்காரி என்ன பண்றா, இப்படியா வெளிய விடுவா? புத்தி எங்க போச்சு உங்களுக்கு? அம்பது வயசு ஆச்சு, இன்னும் பொத்தான் போட்டுவிட ஆள் வேணுமா? உக்காருங்க! உக்காருங்கன்னா!"

வொன்சிக் உட்கார்ந்தார். சலோமேயா தன் கம்பளிப் போர்வையை அவர் தோளில் போட்டு, கெட்டிலில் தண்ணீர் வைத்து, கண்ணாடித் தம்ளரில் டீ ஊற்றி, ராஸ்பெரிப் பாகு இரண்டு கரண்டி கலந்து கையில் திணித்தாள். அதுவரை திட்டு நிற்கவில்லை.

வொன்சிக் டீயைக் குடித்தார். இன்னொரு கையால் பைக்குள்ளிருந்து படிவத்தை எடுத்து, அனிச்சையாக நிரப்பத் தொடங்கினார். சால்வையைத் தொப்பிக் கணக்கிலும், டீயைச் சாப்பாட்டுக் கணக்கிலும், வீட்டுக்காரியைக் கல்யாணக் கணக்கிலும் சேர்த்து மூன்றுக்கும் டிக் போட்டார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அது காய்ச்சலாலும் இருக்கலாம்.

"நூத்துக்கு நூறு" என்றார். "பானி சலோமேயா, இத்தனை நாள்ல நான் யாருக்கும் நூறு போட்டதில்ல."

சலோமேயா கெட்டிலைக் கீழே வைத்தாள். "அப்போ எனக்கு வேலை இருக்கா?"

"தேர்வு நேத்தே முடிஞ்சு போச்சே" என்றார் வொன்சிக் உண்மையான வருத்தத்தோடு. "முத்திரை வெச்சாச்சு. இது உங்க திருப்திக்கு வெச்சுக்கலாம்." படிவத்தை அவள் பக்கம் நகர்த்தினார். அதன் கீழே, கையெழுத்துப் போட வேண்டிய உத்தரவையும் நகர்த்தினார்.

சலோமேயா கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டாள். பிறகு பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள். சாவியைக் கொக்கியிலிருந்து கழற்றி மேசைமேல் வைத்தாள். வொன்சிக் அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"என்மேல கோபமா?" என்றார்.

"கோபந்தான். வயிறு எரியுது. அதுக்கு டீ என்ன பண்ணும்? ஆறிடும், குடிங்க."

வொன்சிக் குடித்தார். பாதி தம்ளரில் நிமிர்ந்து, எலுமிச்சை ஏதாவது இருக்குமா என்று கேட்டார்.

இருந்தது. அதுதான் எரிச்சல். அவள் கத்தியை எடுத்து அவருக்கு ஒரு துண்டு நறுக்கினாள்.